நீல மருந்து

போன வாரம் அப்பாவின் கூட்டாளியுடைய மனைவி வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி சாபம் விட்டுப் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. குழாயைத் திறப்பதுகூட மெதுவாகத்தான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் பழுது பார்த்துவிட்டு வந்த லிஃப்டில், கூண்டைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று அதிர்ந்து அதிர்ந்து கழன்றுவிட்டது. கூண்டு சாய்ந்தபோது அதன் மேல் நின்றிருந்தவர் அப்பாவோடு வேலை பார்க்கும் கூட்டாளி. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கால் தேறுமா என்று கேட்டால் டாக்டர்கள் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்கள்.

அந்த மாதிரி போல்ட்டில் ஒரு நீலத் திரவம் விட வேண்டும். அது இறுகிப் பிடித்துக்கொண்டால் எந்த அதிர்வுக்கும் போல்ட் அசையாது. அப்பா அதை மருந்து என்பார். கம்பெனிக்காரர்கள் அவர் மருந்து போடவில்லை என்கிறார்கள். போட்டேன் என்கிறார் அப்பா. கழன்ற போல்ட் லிஃப்ட் குழிக்குள் எண்ணெயில் ஊறிக் கிடந்ததால், எது உண்மை என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. நாளைக்கு விசாரணை. வேலைப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போட்டேன். அந்த ஒரு சொல்லின் மேல்தான் குடும்பம் இப்போது நின்றுகொண்டிருந்தது. பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் நாள் முழுக்கப் பூப்போலப் பேசும் அம்மா, அந்தச் சொல்லுக்காகத் தெருவில் பாதிப் பேரோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் மகளுடைய போட்டி நாள் வந்து சேர்ந்தது.

மகளுக்கு வக்கீல் என்று பெயர். பள்ளிக்கூடத்து ரோபோ குழு வைத்த பெயர் அது. போட்டியின் விதிகளை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். போட்டி நடத்துபவர்களுக்கு எழுதி எழுதி விளக்கம் கேட்டு அவர்கள் உயிரை வாங்கியிருந்தாள். ரப்பர் பேண்ட் என்பது பாகமா, பிடிமானமா? பேட்டரி ஒயரைக் கட்டும் டேப் எடையில் சேருமா? கடைசியில் அவர்களில் ஒருவர், "தங்கள் கேள்விகளால் எங்கள் விதிகளே எங்களுக்கு இப்போதுதான் புரிகின்றன" என்று பதில் போட்டார். புகழ்ந்தாரா, அழுதாரா என்று குழுவில் இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் விதிகளை அப்பாவுக்கும் சொல்லியிருந்தாள். அவருக்கு இரண்டு விஷயம் பிடிக்கவில்லை.

"பெரியவங்க தொடவே கூடாதா?"

"யோசனை சொல்லலாம்பா. ஸ்பேனரப் பிடிக்கக் கூடாது. அப்படிப் பிடிச்ச பாகத்தைக் கழட்டிடணும்."

"சரி, அத விடு. அதிர்ற சாமானுக்கு மருந்து கூடாதுங்கறானே, எந்தப் புத்திசாலி எழுதினது?"

"பசை, மருந்து எதுவுமே கூடாது. திருகு, நட்டு, வாஷர் மட்டும்தான். ஏன்னா ஊத்திட்டு மறந்துடக் கூடாதாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு அப்புறமும் நாமளே தொட்டு, ஆட்டிப் பார்த்து, முறுக்கணும். அதுக்குத்தான் இந்த விதி."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வேலையில ஒரு விதி இருந்தா, அதுக்குப் பின்னால யாரோ ஒருத்தனோட விரல் போயிருக்கும்."

அப்போது விபத்து நடந்திருக்கவில்லை. அதனால் மூவரும் சிரித்தார்கள்.

*

காலையில் அவள் எழுந்தபோது அப்பா ஏற்கெனவே குளித்து, சட்டை மாட்டி, கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டாயிற்று. சமையலறை அலமாரியின் திருகுகளை முறுக்கி முறுக்கி ஒன்றின் தலையே போய்விட்டது.

கூடத்து மூலையில் குண்டன் நின்றிருந்தான். குண்டன் என்பது ரோபோ. குழுவில் இவள் வீடுதான் பள்ளிக்குப் பக்கம் என்பதால் நேற்று சாயங்காலம் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பந்துகளைப் பொறுக்கி மேல் தட்டில் வைக்க அவனுக்கு ஒரு நீளக் கை உண்டு. அந்தக் கையின் போல்ட்தான் நாலு தடவை தூக்கினால் தளர்ந்துவிடும். நேற்று ராத்திரி சாப்பாட்டில் அதைச் சொல்லி அவள் புலம்பித் தீர்த்திருந்தாள்.

குண்டனைப் பெட்டியில் வைக்கும்போது, தரையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு கிடந்தது. சிவப்பு நிறம், ஊசிபோல் முனை, சாய்வாக வெட்டிய மாதிரி இருந்தது. குண்டனிடமிருந்து ஏதும் உடைந்துவிட்டதோ என்று பயந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. இருந்தாலும் வக்கீல் புத்தி விடுமா? துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நாங்களும் வரோம்" என்றாள் அம்மா. "வீட்டுக்குள்ளயே கிடந்தா இவரு இன்னும் எதையாவது முறுக்குவாரு."

அப்பா வேலைப் பையைத் தோளில் மாட்டினார்.

"இது எதுக்குங்க அங்க?"

"பழக்கம்" என்றார் அப்பா.

*

விளையாட்டரங்கம் முழுக்க மேஜைகள், ஒயர்கள், பதற்றத்தில் நகம் கடிக்கும் பிள்ளைகள். பெற்றோர் உட்கார மேலே படிக்கட்டு இருக்கைகள். ரோபோக்கள் ஆட்டத்துக்கு இறங்கும் முன் பரிசோதனையில் தேற வேண்டும். மதியத்துக்குள் தேறாதவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இவர்களுடைய மேஜைக்கு வந்தவர் நரைத்த முடியைக் கத்தரித்துவிட்டிருந்த ஓர் அம்மாள். குரலில் கண்டிப்பும் இல்லை, கனிவும் இல்லை. குண்டனை அளவுச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தார். கை மடங்கி, கச்சிதமாக உள்ளே உட்கார்ந்தான். எடை பார்த்தார். ஒயர்களை விரலால் நிமிண்டிப் பார்த்தார். நெட்டைக்கு மூச்சு வந்தது. நெட்டைதான் குண்டனின் கையைச் செய்தவன். நிரல் எழுதிய பெண்ணுக்குச் சோடாபுட்டி என்று பெயர். அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"கையில இந்தப் போல்ட்ட மட்டும் ஒரு தடவ கழட்டிக் காட்டுங்க."

நெட்டை ஸ்பேனரை மாட்டித் திருப்பினான். போல்ட் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான். கறுக்கென்று ஒரு சத்தத்தோடு விட்டது. வெளியே வந்த போல்ட்டின் மரையில் நீலமாக ஏதோ பொடிந்து ஒட்டியிருந்தது.

அந்த அம்மாள் வெள்ளைத் துணியால் துடைத்து அதை மேஜை மேல் விரித்தார்.

"இது என்ன?"

நெட்டை வக்கீலைப் பார்த்தான். சோடாபுட்டி கண்ணைத் திறந்தாள். வக்கீல் அந்த நீலத்தைத்தான் பார்த்தாள். அவளுக்கு அந்த நிறத்தைப் பிறந்ததிலிருந்து தெரியும். அப்பாவின் நகக்கண்ணில், துவைத்தும் போகாத சட்டைக் கையில், அவர் தலையணை உறையில்கூட அது இருக்கும்.

நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்தாள். அம்மா கையை ஆட்டினாள். அப்பா தன் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிப்பு மருந்து மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மாள். "மாணவர் தெரியாம போட்டிருந்தா, எல்லாப் போல்ட்டையும் சுத்தம் பண்ணிட்டு மறுபடி கொண்டு வாங்க, விட்டுடலாம். பெரியவங்க யாராவது கை வெச்சிருந்தா அந்தப் பாகத்தைக் கழட்டணும். யார் போட்டது?"

"நான்தான்" என்றான் நெட்டை, பட்டென்று.

"என்ன மருந்து? சிலதைச் சூடு காட்டினாத்தான் கழட்ட முடியும். சூடு காட்டினா உங்க பிளாஸ்டிக் உருகிடும். பாட்டிலைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்."

நெட்டை விழித்தான்.

"நான் கொண்டு வரேன்" என்றாள் வக்கீல்.

படியேறும்போது அவளுக்குக் கோபம்தான் வந்தது, வேறெதுவும் இல்லை. ஒரு வருஷ உழைப்பு. படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இப்படியா செய்வார் ஒரு மனுஷர்?

"அப்பா, குண்டனுக்கு மருந்து போட்டீங்களா?"

"கை ஆடுதுன்னு சொன்னியேம்மா." அவர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "கழண்டு விழுந்துடக் கூடாதேன்னு."

"கூடாதுன்னு நான் சொல்லலியா?"

"சொன்ன."

"பாட்டிலக் குடுங்க. பார்க்கணுமாம்."

அப்பாவின் கை பையின் வாயை இறுகப் பிடித்தது. "அது… தீந்து போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க போட்டீங்க?" என்றாள் அம்மா. "இப்பத்தானே பையில தண்ணி தேடறப்போ பார்த்தேன்." புருஷனுக்கு உதவி செய்வதாக நினைத்து, அவர் மடியிலிருந்த பைக்குள் கையை விட்டுச் சிவப்புப் பாட்டிலை எடுத்து மகளிடம் நீட்டிவிட்டாள்.

அப்பா தடுக்கவில்லை. எழுந்து நின்றவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

*

படியிறங்கும்போதுதான் அவள் பாட்டிலைச் சரியாகப் பார்த்தாள்.

அப்பாவின் கம்பெனியில் ஒரு வேலைக்கு ஒரு பாட்டில். எந்தக் கட்டடமோ அந்தப் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டித்தான் கிடங்கில் கொடுப்பார்கள். சின்ன வயதில் காலிப் பாட்டில்களை வைத்து அவள் கடை விளையாடியிருக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அந்தச் சீட்டுகளில்தான்.

இந்தச் சீட்டிலிருந்தது கூட்டாளி விழுந்த கட்டடத்தின் பெயர்.

அவள் நின்றுவிட்டாள். பின்னால் இறங்கி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

புதுப் பாட்டிலுக்கு மூக்கு மூடியிருக்கும். முனையை வெட்டினால்தான் மருந்து வரும். ஒரு தடவை வெட்டிவிட்டால், கிரீஸ் கையால் தொட்டுத் தொட்டு அந்த மூக்கு ஒரே நாளில் கறுத்துப்போகும். இதன் மூக்கு சுத்தமாக இருந்தது. வெட்டிய இடம் பளிச்சென்றிருந்தது.

சட்டைப் பையில் கையை விட்டாள். காலையில் தரையில் கிடந்த துண்டை எடுத்து, பாட்டிலின் மூக்கில் வைத்துப் பார்த்தாள். சாய்வோடு சாய்வு பொருந்தியது.

இன்று காலைவரை இந்தப் பாட்டிலை யாரும் திறக்கவே இல்லை.

அரங்கத்தில் ஏதோ ஒரு குழு தேறிவிட்டது போலிருக்கிறது. ஒரு மூலையில் கை தட்டினார்கள். வாசலில் நின்று கத்திய கூட்டாளியின் மனைவி நினைவுக்கு வந்தாள். அன்று கதவை அவள் முகத்தில் அடித்துச் சாத்தியது அம்மா. தாழ்ப்பாள் போட்டது இவள்.

நரைமுடி அம்மாள் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நல்லவேளை, கழட்டக் கூடிய வகைதான். புதுசாப் பிரிச்சிருக்கீங்க போல."

"ஆமா" என்றாள் வக்கீல். "இன்னிக்குக் காலையிலதான்."

சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சரி, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டு…"

"போட்டது இவன் இல்ல மேடம். எங்க அப்பா."

நெட்டை மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். அந்த அம்மாள் பாட்டிலை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "அப்ப கையைக் கழட்டிடுங்க."

*

கையில்லாத குண்டன் அன்று முழுக்கக் களத்தில் அங்குமிங்கும் ஓடினான். பந்துகளை முட்டினான். பந்துகள் உருண்டு போயின. மற்ற ரோபோக்கள் எடுத்து எடுத்து மேல் தட்டில் அடுக்கின. ஓர் ஆட்டத்தில்கூட இவர்களுக்கு வாய்ப்பே இருக்கவில்லை. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வக்கீல் விதிப்படி மிச்சமிருந்த போல்ட்டுகளைத் தொட்டு, ஆட்டி, முறுக்கினாள். ஒன்றும் தளர்ந்திருக்கவில்லை.

"ஒரே ஒரு பொய்" என்றான் நெட்டை, கடைசியில். "அதுவும் நான் சொன்ன பொய். நீ வாய மூடிட்டு இருந்திருந்தா போதும்."

சோடாபுட்டி கழற்றிய கையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினாள். மெதுவாகத்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் சுருக்கென்று தைத்தது.

"நல்லது நினைச்சுத்தானே செஞ்சாரு. அதை ஊரறியச் சொல்லணுமா? ஊரே அவரக் குத்தம் சொல்றது பத்தாதுன்னு, நீ வேற மைக் பிடிக்கணுமா?"

"அம்மா…"

"பேசாத. நாளைக்கு நானும் விசாரணைக்குப் போறேன். என் புருஷன் போட்டேன்னா போட்டவர்தான்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வரேன். வீட்டு ஆள விட்டுக்குடுக்காம இருக்க எனக்காவது தெரியும்."

முன் இருக்கையில் அப்பாவின் பின்கழுத்து அசையவே இல்லை.

*

வீட்டுக்கு வந்ததும் அம்மா உள்ளறையில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். நாளைக்கு அப்பா போட வேண்டிய வெள்ளைச் சட்டை. அவருக்கு என்று ஒரு நிஜ வக்கீல் வைக்க வசதியில்லை, சட்டையாவது கசங்காமல் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

சமையலறையில் மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார்.

"பாட்டிலக் குடும்மா."

அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். கொடுக்கவில்லை. பக்கத்தில் மேடை மேல் வைத்து, வெட்டிய சிவப்புத் துண்டை அதன் அருகில் வைத்தாள்.

அப்பா அந்தத் துண்டையே பார்த்தார். இருபது வருஷம் லிஃப்டுகளோடு கிடந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டார்.

"லிஃப்ட் நின்னு போச்சுன்னு மேல ஜனங்க கத்திட்டிருந்தாங்க" என்றார். "மருந்து போட்டா, பிடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். ஓட்டக் கூடாது. இறுக்கி முறுக்கியாச்சு, மறுநாள் வந்து போட்டுக்கலாம்னு… மறுநாள் வேற இடத்துக்கு அனுப்பிட்டாங்க. மறந்தே போச்சு. அவன்தான் அடுத்த தடவை போனான்."

"அவர்கிட்டயாவது சொன்னீங்களா?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

உள்ளே இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்றது.

மகளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் அவளால் இந்த மனுஷரை இனி அப்பா என்று கூப்பிட முடியாது என்று தோன்றியது.

"பிரிக்காத பாட்டில விசாரணைக்குக் கொண்டு போக முடியாது. தூக்கிப் போட்டா எங்கன்னு கேப்பாங்க. பிரிச்ச பாட்டிலா ஆக்கணும். அதுக்குத்தான் குண்டனா?"

"சத்தியமா இல்லம்மா. கை ஆடுதுன்னு நீ சொன்னது ராத்திரி பூரா மண்டைக்குள்ளயே ஓடிட்டிருந்துது. மறுபடி ஒண்ணு கழண்டு விழறதப் பார்க்க எனக்குத் தெம்பில்ல." அந்தச் சிவப்புத் துண்டை விரலால் நகர்த்தினார். "அதுக்குத்தான் எடுத்தேன். மூக்க வெட்டினதுக்கு அப்புறம்தான்… இதுவும் நல்லதாப் போச்சுன்னு தோணிச்சு."

இவ்வளவு உண்மையை அவரிடமிருந்து அவள் எதிர்பார்க்கவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பாள்.

அப்பா பாட்டிலை எடுக்கவில்லை. தொட்டியின் பக்கம் கண்ணைக் காட்டினார். "பாதிய கொட்டிட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாதும்மா. உன் அம்மாவுக்கும் தெரிய வேண்டாம். அவ தாங்க மாட்டா."

"என்னங்க" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சட்டை ரெடி. ஒரு தடவ போட்டுப் பாருங்க."

"இதோ" என்றார் அப்பா, இடத்தை விட்டு நகராமல்.

மகள் பாட்டிலை எடுத்தாள். அப்பா ஒதுங்கி, தொட்டிக்கு வழிவிட்டார். அவள் தொட்டியைத் தாண்டிக் கூடத்துக்குப் போய், அவருடைய வேலைப் பையைத் திறந்து, பாட்டிலையும் அந்தச் சிவப்புத் துண்டையும் உள்ளே ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்துப் பையை மூடினாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். கனமாக இருந்தது.

"இன்னிக்கு உங்க பேர நான் சொன்னேன்பா" என்றாள். "நாளைக்கு நீங்க சொல்லுங்க."

அம்மா சூடு ஆறாத சட்டையைக் கையில் விரித்துப் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு சிரிப்பு இருந்தது. அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"எந்தப் பேர?" என்று கேட்டாள் அம்மா. "என்ன சொல்லணும் நாளைக்கு?"